11 நாளில் ஒரு சுற்று: அந்தக் கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கேள்வி: ஐயா, நான் குடியாத்தத்தில் வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். என்னிடம் படிக்கும் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், பிராக்சிமா சென்டாரி என்ற விண்மீனை ஒரு கோள் 11.2 நாளில் சுற்றி வருகிறது என்று எங்கோ படித்திருக்கிறான். உடனே கெப்ளரின் மூன்றாம் விதியைப் போட்டுத் தூரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு வந்தது 1 கோடியே 46 லட்சம் கிலோமீட்டர். அவன் படித்த இடத்தில் சுமார் 73 லட்சம் என்று போட்டிருக்கிறது. கிட்டத்தட்டப் பாதி. நானும் மூன்று முறை போட்டுப் பார்த்தேன், எனக்கும் அவனுடைய விடைதான் வருகிறது. "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, விடுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விதி நம் சூரியனுக்கு மட்டும்தானா? நாங்கள் எங்கே தப்பு செய்தோம்? அவனுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. பையன் கணக்கிலும் தப்பு இல்லை. நாளை வருடமாக்கியது, வர்க்கம் எடுத்தது, கனமூலம் எடுத்தது, வானியல் அலகை (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம்) கிலோமீட்டராக மாற்றியது எல்லாமே சரி. விடுபட்டது ஒரே ஒரு எண். பாடத்தில் நாம் சொல்லித்தருகிற சூத்திரத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அது சூரியனின் நிறை.

"சுற்றுக்காலத்தின் வர்க்கம் = தூரத்தின் கனம்" என்றுதான் உங்கள் நோட்டில் எழுதியிருப்பீர்கள். காலத்தை வருடத்திலும் தூரத்தை வானியல் அலகிலும் போட்டால் பூமிக்கு 1 = 1 என்று அழகாக வரும். செவ்வாய்க்கு 1.88 வருடம், 1.52 அலகு. அதுவும் சரியாக வரும். ஆனால் அந்த வரியை முழுதாக எழுதினால் இப்படி இருக்கும்:

தூரத்தின் கனம் = விண்மீனின் நிறை × சுற்றுக்காலத்தின் வர்க்கம்

இங்கே நிறை என்பது, அந்த விண்மீன் நம் சூரியனைப்போல் எத்தனை மடங்கு என்ற எண். சூரியனுக்கு அது 1. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறப்போவதில்லை என்பதால் எழுதாமலே விட்டுவிடுகிறோம். சூரியக் குடும்பத்துக்குள் இருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வேறு விண்மீனுக்குப் போகும்போது அந்த 1-ஐ எடுத்துவிட்டு அந்த விண்மீனின் நிறையை அங்கே வைக்க வேண்டும். பையன் பழைய 1-உடனேயே பிராக்சிமாவுக்குப் போய்விட்டான்.

பிராக்சிமா ஒரு சிறிய, மங்கலான சிவப்புக் குள்ள விண்மீன். அதன் நிறை சூரியனில் 0.122 பங்கு. நம் தாத்தா பாட்டி கணக்கில் சொன்னால் ஏறக்குறைய அரைக்கால், எட்டில் ஒரு பங்கு. அரைக்காலுக்குக் கனமூலம் என்ன? அரை. அரையை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், அரைக்கால் வரும். அவன் விடை புத்தக விடையைப்போல் இரண்டு மடங்கு வந்ததற்குக் காரணம் இதுதான். உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்தப் "பாதி" தற்செயலாக வந்ததில்லை, விண்மீனின் எடை அதில் அப்படியே தெரிகிறது. இதைப் பையனிடம் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். 0.122 என்ற எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, பாதி எங்கிருந்து வந்தது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். அந்தச் சந்தோஷத்தை நாம் தட்டிப் பறிக்கக்கூடாது.

இப்போது கணக்கை ஒரு தடவை முழுதாகப் போடுவோம். கால்குலேட்டரில் கனமூலப் பொத்தான் இருந்தால் வேலை சுலபம். ஆனால் உங்கள் பையன் +2 வரைக்கும் லாக் புத்தகத்தோடுதான் பழக வேண்டும், அதனால் அதிலேயே காட்டுகிறேன். 11.2-ஐ 365.25-ஆல் வகுத்தால் 0.03066 வருடம். அதன் வர்க்கம் 0.00094. அதை 0.122-ஆல் பெருக்கினால் 0.0001147. இதன் கனமூலம் வேண்டும். லாக் எடுத்தால் பார் 4, புள்ளி 0596. இதை 3-ஆல் வகுக்க வேண்டும். இங்கேதான் நூற்றுக்கு எண்பது பிள்ளைகள் வழுக்கி விழுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். பார் போட்ட 4 மட்டும் கழித்தல், புள்ளிக்குப் பின்னால் இருப்பது கூட்டல். இரண்டையும் சேர்த்து 4.0596 என்று நினைத்து 3-ஆல் வகுத்தால் பார் 1, புள்ளி 3532 என்று எழுதுவார்கள். விடை 0.2255 ஆகிவிடும், கோள் இருக்க வேண்டிய இடத்தைவிட நாலரை மடங்குக்கும் மேலே தள்ளிப்போய்விடும். பார் 4 மூன்றால் மீதியில்லாமல் வகுபடாது. அதனால் அதைப் பார் 6 ஆக்கி, கடன் வாங்கிய 2-ஐ இந்தப் பக்கம் கூட்டிக்கொள்ள வேண்டும். பார் 6, கூட்டல் 2.0596. மூன்றால் வகுத்தால் பார் 2, புள்ளி 6865. ஆன்டிலாக் பார்த்தால் 0.0486 வானியல் அலகு. ஓர் அலகு 14.96 கோடி கிலோமீட்டர். பெருக்கினால் 72 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர் பக்கத்தில் வருகிறது. பையன் படித்த 73 லட்சம் இதுதான்.

நிறை அங்கே ஏன் வர வேண்டும் என்று அவன் கேட்பான். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கெப்ளர் 1618-ல் இந்த விதியைக் கண்டுபிடித்து 1619-ல் புத்தகமாக வெளியிட்டார். டைக்கோ பிராகே என்ற வானியலாளர் பல வருடம் அளந்து வைத்திருந்த கோள்நிலைகள்தான் அவருக்கு ஆதாரம். எண்கள் இப்படிப் பொருந்துகின்றன என்று அவருக்குத் தெரிந்தது. காரணத்தை நியூட்டன் 1687-ல் சொன்னார். காரணம் உங்கள் மாணவனுக்கு எட்டாத விஷயம் இல்லை. விண்மீன் கோளை இழுக்கிறது. அந்த இழுப்பு விண்மீனின் நிறைக்கு ஏற்றபடி கூடும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும். வட்டப் பாதையில் ஓடும் கோளைத் திருப்பிக்கொண்டே இருக்க எவ்வளவு இழுப்பு தேவை என்றால், தூரத்துக்கு ஏற்றபடி கூடும், சுற்றுக்காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும். கிடைக்கிற இழுப்பும் தேவைப்படுகிற இழுப்பும் சமம் என்று எழுதிப் பக்கம் மாற்றிப் போட்டால், ஒரு பக்கம் தூரம் மூன்று தடவை சேர்ந்து கனமாகிவிடும், இன்னொரு பக்கம் நிறையும் காலத்தின் வர்க்கமும் நிற்கும். இரண்டு வரிதான். கரும்பலகையில் அவனையே எழுதச் சொல்லுங்கள்.

மனதில் பதிய இன்னொரு விதமாகவும் சொல்லலாம். பிராக்சிமா இலேசான விண்மீன், அதன் இழுப்பு குறைவு. சூரியனைச் சுற்றும் ஒரு கோள் 11.2 நாளில் ஒரு சுற்று முடிக்க வேண்டுமானால் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தூரத்தில் நின்றாலே போதும். பிராக்சிமாவிடம் அதே 11.2 நாளில் முடிக்க வேண்டுமென்றால் இன்னும் கிட்டே போயாக வேண்டும், அப்போதுதான் அந்த வேகத்தில் திருப்புகிற அளவுக்கு இழுப்பு கிடைக்கும்.

அம்மா, "விடுப்பா" என்று சொன்னதை நினைத்து வருந்தியிருக்கிறீர்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பையன் இதே சூத்திரத்தை நிலாவுக்குப் போட்டுக்கொண்டு வந்தான். 27.3 நாள், அவனுக்கு வந்த தூரம் 2 கோடியே 65 லட்சம் கிலோமீட்டர். நிலா 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில் இருக்கிறது. "எங்கேயோ தப்பு பண்ணியிருக்கே, திரும்பப் போட்டுப் பார்" என்று அனுப்பிவிட்டேன். அவன் நான்கு நாள் திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு நாளும் அதே விடை. ஐந்தாம் நாள் இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நிலா சுற்றுவது சூரியனை இல்லை, பூமியை. சூரியன் பூமியைப்போல் சுமார் 3 லட்சத்து 33 ஆயிரம் மடங்கு நிறை. அதன் கனமூலம் 69 சொச்சம். அவனுடைய விடையும் உண்மையைப்போல் 69 மடங்குதான் இருந்தது! மறுநாள் காலை வகுப்பில் எல்லார் முன்னாலும் "தப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டுப் பலகையில் போட்டுக் காட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாத்தியார் தன் தப்பை ஒத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு மரியாதை குறைவதில்லை, நான் பார்த்தவரை கூடுகிறது.

விதி சூரியனுக்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். எந்த மையத்துக்கும் பொருந்தும். ஒரே மையத்தைச் சுற்றுகிறவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது மையத்தின் நிறையே தேவைப்படாது. இதற்கு வியாழன்தான் நல்ல உதாரணம். அதன் நிலாக்களில் அயோ 1.769 நாளில் ஒரு சுற்று வருகிறது, 4 லட்சத்து 22 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில். காலிஸ்டோவுக்கு 16.69 நாள். காலத்தின் விகிதம் 9.43. வர்க்கம் 89. கனமூலம் 4.465. அயோவின் தூரத்தை இதனால் பெருக்குங்கள், 18 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர். காலிஸ்டோ அங்கேதான் இருக்கிறது. இதையே சூரியனின் 1-ஐ வைத்துக்கொண்டு அயோவுக்குப் போட்டால் 43 லட்சம் கிலோமீட்டர் வரும், உண்மையைப்போல் பத்து மடங்கு. ஏனென்றால் வியாழன் சூரியனில் 1047-ல் ஒரு பங்கு. 1047-க்குக் கனமூலம் பத்துக்குக் கொஞ்சம் மேலே.

வியாழனின் நிலாக்கள் என்றதும் நம் காவலூரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கிறது வேணு பாப்பு வான் ஆய்வகம். 1972-ல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வந்த புதிதில், வியாழனின் நிலா கனிமீடு ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்துபோனதைப் பார்த்தார்கள். விண்மீனின் ஒளி சட்டென்று அணையாமல் மங்கிய விதத்தை வைத்து, கனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டார்கள். 1977-ல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோதும் காவலூரிலிருந்து பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரியவந்த நிகழ்ச்சி அது. உங்கள் பையன் கேட்கிற கேள்விகளை உங்கள் ஊரிலிருந்து ஒரு பகலில் போய்வரக்கூடிய தூரத்திலேயே அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து அவன் கேட்கப்போகிற கேள்வி எனக்கு இப்போதே காதில் விழுகிறது. "அந்த 0.122 எப்படித் தெரியும்? தராசில் வைத்தா பார்த்தார்கள்?"

அதற்கும் இதே விதிதான் தராசு. பிராக்சிமாவுக்குப் பக்கத்திலேயே ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான விண்மீன் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது இரட்டை விண்மீன். இரண்டும் ஒன்றையொன்று சுமார் 80 வருடத்தில் சுற்றி வருகின்றன. இடைத்தூரம் சராசரியாக 23.4 வானியல் அலகு. இங்கே காலமும் தெரியும், தூரமும் தெரியும். அதனால் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு நிறையைக் கேட்கலாம். 23.4-இன் கனம் 12,813. 80-இன் வர்க்கம் 6,400. வகுத்தால் 2. அந்த இரண்டு விண்மீன்களும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு சூரியன் எடை. இப்படி நிறைய இரட்டை விண்மீன்களை எடைபோட்டு, எவ்வளவு ஒளியுள்ள விண்மீனுக்கு எவ்வளவு நிறை இருக்கும் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். தனியாக இருக்கும் விண்மீனுக்கு அதன் ஒளியையும் நிறத்தையும் பார்த்து அந்த அட்டவணையிலிருந்து நிறையை எடுக்கிறார்கள். அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். ஆனால் கனமூலம் நமக்கு ஒரு உபகாரம் செய்கிறது. நிறையில் நூற்றுக்கு 10 பிசகினால் தூரத்தில் பிசகு நூற்றுக்கு 3 சொச்சம்தான்.

ஒரு சிறு நுணுக்கம். கண்டிப்பாகச் சொன்னால் அந்த நிறை, விண்மீன், கோள் இரண்டின் நிறையையும் கூட்டியது. கோள் துக்கடா என்பதால் விட்டுவிடுகிறோம். இரட்டை விண்மீனில் அப்படி விட முடியாது, அதனால்தான் மேலே "சேர்ந்து" என்று எழுதினேன்.

சுற்றுக்காலம் 11.2 நாள் என்பது எப்படித் தெரிந்தது என்பது இன்னும் அழகு. அந்தக் கோளை 2016 ஆகஸ்டில் அறிவித்தார்கள். சிலி நாட்டில் லா சியா மலையிலிருக்கும் 3.6 மீட்டர் தொலைநோக்கிதான் முக்கிய ஆதாரம். கோளை நேரடியாகப் பார்க்கவில்லை. கோள் சுற்றும்போது விண்மீனையும் இலேசாக அசைக்கிறது. விண்மீன் சில நாள் நம்மை நோக்கி வருகிறது, சில நாள் விலகிப் போகிறது. எவ்வளவு வேகம் என்கிறீர்கள்? மணிக்கு 5 கிலோமீட்டர். சாயங்காலம் வேலூர் கோட்டை அகழி ஓரமாக வாக்கிங் போகிறவர்களின் வேகம். 4.2 ஒளியாண்டு தூரத்தில் ஒரு விண்மீன் நடக்கிற நடையை, அதன் நிறமாலைக் கோடுகள் நகர்வதை வைத்து அளந்திருக்கிறார்கள். அந்தப் போக்குவரத்து 11.2 நாளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கும் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

சரி, அவனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த வழியைச் சொல்கிறேன். அவன் வீட்டுப் பாட்டியிடம் ஏழரைச் சனி எத்தனை வருடம் என்று கேட்கச் சொல்லுங்கள். ஏழரை வருடம் என்பார். எத்தனை ராசிக்கு? மூன்று ராசிக்கு. ஒரு ராசிக்கு இரண்டரை வருடம். பன்னிரண்டு ராசிக்கு 30 வருடம். சனி சூரியனை ஒரு சுற்று வரும் காலம் பாட்டி வாயாலேயே வந்துவிட்டது. வக்கிரத்தில் பின்னால் போவதும் திரும்ப முன்னால் வருவதும் ஒரு முழுச் சுற்றில் சரிக்கட்டிப்போய்விடும். நம் பஞ்சாங்கம் ராசிகளை விண்மீன்களை வைத்து எண்ணுவதால், கெப்ளர் கேட்கிற சுற்றுக்காலமும் பஞ்சாங்கம் சொல்கிற சுற்றுக்காலமும் ஒன்றுதான். இப்போது 30-இன் வர்க்கம் 900. கனமூலம் 9.65. கிலோமீட்டரில் 144 கோடி. சனியின் உண்மையான சராசரித் தூரம் சுமார் 143 கோடி. குருப்பெயர்ச்சி வருடத்துக்கு ஒன்று, அதனால் வியாழனுக்கு 12 வருடம். வர்க்கம் 144, கனமூலம் 5.24, கிலோமீட்டரில் 78 கோடி. உண்மையும் 78 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. பலன் சொல்வது வேறு விஷயம், அதற்குள் நான் போகவில்லை. கோள் நகர்வதை நம் முன்னோர் எவ்வளவு பொறுமையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியாது. எந்தக் கருவியும் இல்லாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சனி கிரகத்தின் தூரம்.

இங்கே அவன் கெட்டிக்காரனாக இருந்தால் ஒன்று கேட்பான். "9.65 அலகு என்பது வந்தது, ஓர் அலகு 14.96 கோடி கிலோமீட்டர் என்பது எங்கிருந்து வந்தது?" நியாயமான கேள்வி. சுற்றுக்காலங்கள் விகிதத்தை மட்டும்தான் தரும். ஊர்களின் வரைபடம் கையில் இருக்கிறது, அளவுகோல் இல்லை என்பதுபோல. ஏதாவது ஒரு தூரத்தையாவது தனியாக அளக்க வேண்டும். அதற்காகத்தான் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பார்க்க 1761-லும் 1769-லும் உலகம் முழுக்கப் புறப்பட்டார்கள். லெ ஜென்டில் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல் கடலிலேயே மாட்டிக்கொண்டார். ஆடும் கப்பலிலிருந்து உருப்படியாக ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்ததற்கு எட்டு வருடம் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769-ல் புதுச்சேரியில் எல்லாம் தயாராக இருந்தும், அந்தக் காலை மேகம் மூடிவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது. 2004 ஜூன் 8-ல் அதே நிகழ்ச்சி வந்தபோது, வேலூரில் எங்கள் பள்ளி மைதானத்தில் வெள்ளைத் தாளில் சூரிய பிம்பத்தை விழவைத்து, அதன் மேல் ஒரு மிளகு அளவுக்குக் கரும்புள்ளி நகர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். இப்போது ரேடார் வந்து, அளவு நுணுக்கமாகி, 2012-லிருந்து வானியல் அலகு 14 கோடியே 95 லட்சத்து 97 ஆயிரத்து 870.7 கிலோமீட்டர் என்று வரையறுத்துவிட்டார்கள்.

"தூரம்" என்று நான் சொல்லிக்கொண்டே வருவது பாடப் புத்தகம் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி) என்கிறதே, அதைத்தான். பாதை நீள்வட்டம் என்பதால் கோள் ஒரு நேரம் கிட்டே வரும், ஒரு நேரம் தள்ளிப் போகும். ஹாலி வால்மீனுக்கு 76 வருடம் என்று போட்டால் 17.9 அலகு வரும். ஆனால் அது சூரியனுக்கு 0.6 அலகு வரை கிட்டே வந்துவிட்டு 35 அலகு வரை தள்ளிப் போகிறது. சுற்றுக்காலத்தை வைத்து, இன்றைக்குக் கோள் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது.

பரீட்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் கேட்கிற "சுற்றுக்காலத்தின் வர்க்கம் அரை நெட்டச்சின் கனத்துக்கு நேர்த்தகவில் இருக்கும்" என்பது முழுக்கச் சரி. அதில் "நேர்த்தகவு" என்று இருக்கிறதே தவிர "சமம்" என்று இல்லை. அந்தத் தகவுக்கு நடுவில் நிற்கும் மாறிலிக்குள்தான் சூரியனின் நிறை இருக்கிறது. அதனால் பரீட்சைக்குப் படித்ததை அவன் மறக்க வேண்டியதில்லை. இதை நீங்கள் சொன்னால், "பரீட்சைக்கு வராது" என்று அனுப்பியதற்கும் ஒரு பரிகாரம் ஆகிவிடும்.

அப்புறம், ஒரு ராத்திரி அவனை மாடிக்கு அழைத்துப்போங்கள், அவன் வீட்டாரையும் சேர்த்து. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் எல்லாரும் மொட்டை மாடியில்தானே படுக்கிறோம். மே மாத நடுவில் இரவு 11 மணி, ஜூன் தொடக்கத்தில் 10 மணி. மலை மறைக்காத இடமாகப் பார்த்து நேர் தெற்கே திரும்பி நில்லுங்கள். கையை நீட்டி ஒரு சாண் பிடித்தால், அடிவானத்திலிருந்து அந்தச் சாணுக்குக் கொஞ்சம் கீழே, பக்கம் பக்கமாக இரண்டு பிரகாசமான விண்மீன்கள் தெரியும். இடது கைப்பக்கம் இருக்கிற, கூடுதல் பிரகாசமானதுதான் ஆல்ஃபா சென்டாரி. நாம் எடைபோட்ட இரட்டை. பிராக்சிமா அதற்கு அருகிலேயே இருக்கிறது, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். விரலை நீட்டிக் காட்டி, "நீ கணக்குப் போட்ட இடம் அங்கே" என்று சொல்லுங்கள். காவலூருக்கும் ஒரு தடவை அழைத்துப்போங்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாடியிலிருந்து இறங்கிய பிறகு அவனுக்குக் கொடுக்க ஒரு கணக்கு. டிராப்பிஸ்ட்-1 என்று ஒரு விண்மீன், அதற்கு ஏழு கோள்கள் தெரியும். விண்மீனின் நிறை சூரியனில் 0.09 பங்கு. உள்ளேயிருந்து நான்காவது கோள் 6.1 நாளில் ஒரு சுற்று வருகிறது. தூரம் கேளுங்கள். 44 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் சொல்ல வேண்டும். 98 லட்சம் என்று சொன்னால், சூரியனை இன்னும் பையில் வைத்துக்கொண்டே போயிருக்கிறான் என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.